நிபுணருக்கு ஆட்சேபனை இல்லை

சுமலதாவுக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேச புதுச்சேரியில் ஓர் ஆள் கிடையாது. இது அவள் குற்றமும் இல்லை, ஊர்க் குற்றமும் இல்லை. 2008-ஆம் வருஷத்தில், கம்ப்யூட்டர் பழைய உதாரணங்களைப் பார்த்துத் தானாகவே பாடம் கற்றுக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், கேட்கிறவர் முதலில் சிரிப்பார். அப்புறம், "அது கெடக்கட்டும் மேடம், என் பையனுக்கு எந்தக் கம்பெனில வேலை கெடைக்கும்?" என்பார். அவள் பிரான்சில், கிரெனோபிளில், பல வருஷம் இதையே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அப்பாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தார். இவள் தங்கிவிட்டாள். ஊரை ஒட்டிய ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியை, ஊருக்குள் சாரம் பகுதியில் ஒரு மாடிப் போர்ஷன், வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று.

தனிமை என்றதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைக்க வேண்டாம். சுமலதா அந்த ரகம் இல்லை. அவள் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போடுவாள். நெட் நன்றாகத்தான் வரும். ஆனாலும் "கொஞ்சம் ஸ்லோவா இருக்குங்க" என்று ஆரம்பிப்பாள். எதிர்முனையில் இருக்கிற பெண் மோடமை அணைத்துப் போடச் சொல்வாள். இவளும் அணைத்துப் போடுவாள். விளக்கு எரிகிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில், "நீங்க எந்த ஊரு? சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாயிலிருந்து வருகிற பேச்சு பல சமயம் அவ்வளவுதான்.

கல்லூரியில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஸ்டாஃப் ரூமில் ரெட்டியார்பாளையத்தில் மனை என்ன விலை போகிறது என்று பேசுவார்கள், விடைத்தாள் திருத்துகிற டூட்டி யாருக்குப் போட்டார்கள் என்று பேசுவார்கள். மாணவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவள் கண் பளபளக்க எதையாவது போர்டில் எழுதும்போது, கடைசி பெஞ்சிலிருந்து, "மேடம், இது இன்டர்வியூல கேப்பாங்களா?" என்று ஒரு குரல் வரும். கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கேட்பார்கள் என்று பொய் சொல்வாள்.

இப்படி இருந்தவளைத் தேடித்தான் அரசாங்கம் வந்தது.

முதியோர் பென்ஷனைக் கவனிக்கிற துறையில் ஒரு பிரச்சினை. பென்ஷன் வாங்குகிறவர்களில் தகுதி இல்லாதவர்கள் நிறையப் பேர் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. சென்னைக் கம்பெனி ஒன்று ஒரு புரோகிராமைக் கொண்டு வந்து காட்டியது. பழைய விண்ணப்பங்களையும், அவற்றின் மேல் எடுத்த முடிவுகளையும் அதற்குள் போட்டால் போதும். யார் உண்மையான பயனாளி, யார் போலி என்று அதுவே சொல்லிவிடும். "செயற்கை அறிவு சார்!" என்று கம்பெனிக்காரர் சொன்னபோது அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். வருகிற சட்டசபைக் கூட்டத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு முன்னால் படித்தவர் யாரிடமாவது ஒரு அறிக்கை வாங்கிக்கொள்வது நல்லது என்று கீழே இருந்தவர்கள் சொன்னார்கள். கல்லூரிக்குக் கடிதம் வந்தது. கல்லூரியில் எல்லோரும் ஒரே மனதாக சுமலதாவைக் கை காட்டினார்கள். அவள் ஒருத்திக்குத்தான் அது புரியும், அதைவிட முக்கியம், சும்மா இருப்பதும் அவள் ஒருத்திதான்.

முதல் கூட்டம் துறை அலுவலகத்தில் நடந்தது. சுமலதா லேப்டாப்பில் படம் படமாகப் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். நியூரல் நெட்வொர்க் என்றாள், நிகழ்தகவு என்றாள், பயிற்சித் தரவு என்றாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வடை வந்ததும் இன்னும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். முடிவில் சூப்பிரண்டென்ட் இராமதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருந்துது மேடம். கடைசில இது ஓகேவா, ஓகே இல்லியா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்" என்றார்.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. லேப்டாப்பை மூடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த டைரக்டர் அரிகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. ஆனா புரிஞ்சிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு மட்டும் தெரியுது. இங்க இருந்தா போன் வந்துகினே இருக்கும். நானே உங்க காலேஜிக்கு வரேன். சொல்லித் தரீங்களா?"

அரிகிருஷ்ணன் பாகூர் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கிளார்க்காகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி டைரக்டர் ஆனவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஓர் அதிகாரியை சுமலதா அதுவரை பார்த்ததில்லை. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

புதன்கிழமை மதியம் என்று ஏற்பாடு. அவர் வருவார், கூட இராமதாஸ் ஃபைல் கட்டோடு வருவார். இராமதாஸ் ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பாடம் இவர்கள் இரண்டு பேருக்குள்தான்.

இந்த முறை சுமலதா லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "சார், உங்க ஆபீஸ்ல ஒரு புது கிளார்க் சேந்தா, எந்த விண்ணப்பத்தத் தள்ளணும், எத ஏத்துக்கணும்னு எப்படிக் கத்துப்பாரு?" என்று கேட்டாள்.

"ரூல் புக் இருக்கு. ஆனா யாரு அதப் படிக்கறாங்க? பழைய ஃபைலப் பாப்பாங்க. முன்ன இருந்தவரு இன்னா பண்ணாரோ அதையே பண்ணுவாங்க."

"முன்ன இருந்தவரு தப்புப் பண்ணிருந்தா?"

அரிகிருஷ்ணன் சிரித்தார். "இவரு அதையே அழகான கையெழுத்துல பண்ணுவாரு."

"அந்தப் புது கிளார்க்குதான் சார் இந்த மெஷின். லீவு போடாது, டீ குடிக்கப் போவாது. பழைய ஃபைல்ல இருக்கற நல்லதும் செய்யும், தப்பும் செய்யும். ஏன் செஞ்சேன்னு கேட்டா மட்டும் சொல்லத் தெரியாது."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா ஒரு மாடு வச்சிருந்தாரு. சாயங்காலம் வண்டி கட்டினா, சாராயக்கடைப் பக்கமே இழுத்துகினு போவும். அப்பா குடிய விட்டப்புறமும் அங்கதான் போய் நிக்கும். அவரு தார்க்குச்சியால குத்துவாரு. அதுக்கு இன்னா தெரியும், பாவம்? தெனம் கூட்டிப்போனவரு அவருதான. அந்த மாதிரியா மேடம்?"

சுமலதாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் படித்த படிப்பில், அவள் ஊரில், அவள் பாஷையில் ஒருவர் சொந்தமாக ஒன்றை யோசித்துச் சொல்லிவிட்டார்! "அதேதான் சார், அதேதான்!" என்று கத்திவிட்டாள். இராமதாஸ் கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி மூடிக்கொண்டார்.

அதிலிருந்து புதன்கிழமைக்காகவே மற்ற நாட்கள் ஓடின. செவ்வாய் இரவே என்ன கேள்வி கேட்கலாம், என்ன உதாரணம் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை ஓடும். பிராட்பேண்ட் கம்பெனியை அவள் மறந்தே போனாள். ஸ்டாஃப் ரூமில் ஜாடை பேசினார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அவள் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அந்த மனுஷர் மேல் ஆசையெல்லாம் இல்லை. அவர் கேட்கிற கேள்விகள் மேல்தான் ஆசை. அதுவும் ஒரு ஆசைதானே, அதற்கும் மனுஷி அடிமையாவாள்தானே!

கம்பெனி அந்தப் புரோகிராமைப் பரிசோதிக்க ஒரு பிரதியைக் கொடுத்திருந்தது. துறையும் பழைய விண்ணப்பங்களில் ஒரு கட்டை அனுப்பியிருந்தது. சுமலதா அவற்றை அதில் ஓடவிட்டுப் பார்த்தாள். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. ஆனால் ஊரின் பழைய பகுதியில் சில தெருக்களில் மட்டும், பென்ஷனுக்கு முழுத் தகுதி உள்ள கிழவிகளைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தள்ளியது. ஏன் என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, தள்ளப்பட்டவர்களில் ஒரு பெயரையும் விலாசத்தையும் வைத்துக்கொண்டு நேரிலேயே போனாள். பெயர் கொளஞ்சி.

பெரிய வீடு. உயரமான மதில், மஞ்சள் சுண்ணாம்பு, பச்சைக் கதவுகள். எல்லாம் பூட்டிக் கிடந்தன. பக்கவாட்டு கேட்டைத் தட்டியதும் ஒடிசலான ஒரு கிழவி வந்து திறந்தாள். யார், எதற்கு என்று கேட்கவே இல்லை. "வாம்மா, வாம்மா" என்று உள்ளே கூட்டிப்போய், கொல்லைப்பக்கத்து அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயராகி, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். இது ஒரு சொல்தா வீடு. கொளஞ்சியம்மா விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே சமையலுக்கு வந்தவள். வீட்டுக்காரரான முசே செத்துப் போனார், அவர் மனைவி மதாம் பிள்ளைகளோடு பாரிசுக்குப் போய்விட்டாள். இவளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வருவாங்களா?" என்று சுமலதா கேட்டாள்.

"எப்பனா வருவாங்க. நான் தெனம் பெருக்கிடுவேன். திடீர்னு வந்து நின்னா வூடு தூசியா இருக்கக்கூடாது பாரு." அவள் பேசிக்கொண்டே போனாள். பூனையைப் பற்றி, முருங்கை மரத்தைப் பற்றி, செத்துப்போன தங்கச்சியைப் பற்றி. பேச்சு நின்றால் வந்தவள் எழுந்துபோய்விடுவாள் என்கிற பயம் அந்த வேகத்தில் இருந்தது. சுமலதாவுக்கு அந்த வேகம் நன்றாகத் தெரியும்.

"பென்ஷன் ஒழுங்கா வருதாம்மா?"

"வருதும்மா, சாமி புண்ணியத்துல. அதுல பாதி சோத்துக்கு, பாதி மாத்திரைக்கு. ஆனா துட்டு கூட பெருசு இல்லம்மா. துட்டு குடுக்கற அன்னிக்கி வரிசைல நிப்போம் பாரு, சின்னப்பாப்பா வருவா, ஆதிலட்சுமி வருவா, ஒருத்தி முடிய ஒருத்தி இழுத்து, சிரிச்சி, சண்ட போட்டு... மாசத்துல அந்த ஒரு நாளுதான் நான் வாயத் தொறக்கறது. மத்த நாளெல்லாம் பூனைகிட்டதான்."

திரும்பி வரும்போது சுமலதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீட்டாருக்கு இங்கே முதியோர் பென்ஷன் கிடையாது. அதனால் அந்த வீடுகளிலிருந்து வந்த விண்ணப்பங்களைத் துறை காலங்காலமாகத் தள்ளி வந்திருக்கிறது, நியாயமாகத்தான். ஆனால் கொல்லைப்பக்கம் குடியிருக்கிற வேலைக்காரிக்கும் அதே கதவு எண்தான். பழைய கிளார்க்குகள் உள்ளூர்க்காரர்கள், வீட்டுக்காரி யார், வேலைக்காரி யார் என்று ஆளைத் தெரிந்து கொடுத்தார்கள். மெஷினுக்கு ஆளைத் தெரியாது, கதவு எண் மட்டும்தான் தெரியும். அரிகிருஷ்ணன் வீட்டு மாடு சாராயக்கடையில் போய் நின்றுவிட்டது.

இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. இதைச் சொன்னால் அவர் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அத்தோடு பாடம் முடிந்துவிடும். புதன்கிழமையும் முடிந்துவிடும்.

அந்தக் கடைசி எண்ணம் வந்த இடம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாரத்தில் வீட்டுப் படியேறி, பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பும்போது வந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள்.

புதன்கிழமை அரிகிருஷ்ணன் உற்சாகமாக வந்தார். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவர் கூடையைப் பார்த்ததுமே விலை சொல்கிறாரே, அவரும் இப்படிப் பழகிப் பழகித்தானே கற்றுக்கொண்டார் என்று கேட்டார். சுமலதா அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனாள். அவ்வளவு சந்தோஷமான மதியம் அவளுக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் அவர் கேட்டார்.

"மேடம், இன்னும் எவ்ளோ பாடம் பாக்கி இருக்கு?"

"இருக்கு சார், இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அமைச்சர் நச்சரிக்கறாரு. மொதல்ல ஒரு தொகுதில மட்டும் விட்டுப் பாக்கலாம்னு சொல்றாரு. கெடுதல் ஒண்ணும் இல்லியே?"

கொளஞ்சி என்கிற பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு எவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நமக்கெல்லாம் வீட்டில் பேச ஆள் இருக்கிறது.

"அதப்பத்தி அடுத்த வாரம் விரிவா பேசலாம் சார்" என்றாள்.

ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள். அரசாங்கக் காரியம்தானே, ஒரு ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே மாதக்கணக்கில் ஆகும் என்று ஊரே சொல்கிறது. அவளும் அதை நம்பினாள். இராமதாஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு டைரக்டர் பின்னால் போனார்.

அடுத்த புதன் அரிகிருஷ்ணன் வரவில்லை. சட்டசபை வேலை என்று போன் வந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். இது போனில் சொல்கிற விஷயமா, நேரில் படம் போட்டுக் காட்டினால்தானே நன்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த புதனும் வரவில்லை. அன்று சாயங்காலம் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போட்டாள்.

மாதம் பிறந்து ஒரு புதன்கிழமை அவர் வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி.

"முடிஞ்சிபோச்சு மேடம்! அமைச்சர் சட்டசபைல அறிவிச்சிட்டாரு. பழைய டவுன் பக்கத்துல ஒரு தொகுதில இந்த மாசமே விட்டாச்சு. லிஸ்ட்ல நெறயப் பேரு கழிஞ்சாங்க. இன்னா ஆச்சரியம்னா, ஒரு ஆளு சத்தம் போடல. நெசமான ஆளா இருந்தா வந்து கத்தியிருக்க மாட்டாங்க?"

சுமலதா ஸ்வீட் பெட்டியை மேசை மேல் வைத்தாள். "எந்தத் தொகுதி சார்?"

அவர் சொன்னார். கொளஞ்சியின் வீடு இருக்கிற அதே தொகுதிதான்.

அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்தா வீடு, கொல்லைப்பக்கத்து அறை, ஒரே கதவு எண். படம் ஒன்றும் தேவைப்படவில்லை. பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு நல்ல மாணவர்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"நீங்க கடைசியா இங்க வந்தப்பவே தெரியும்."

"நான் கேட்டனே மேடம். கெடுதல் ஒண்ணும் இல்லியேன்னு வாய் தொறந்து கேட்டனே."

"கேட்டீங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "சொல்லிட்டா நீங்க வர்றது நின்னுபோயிடும்னு சொல்லல."

அரிகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. அவர் இராமதாசிடமிருந்து ஃபைலை வாங்கிப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். கெடுதல் இல்லையே என்று அவர் கேட்ட அந்தப் புதன்கிழமைத் தேதியில் இராமதாஸ் குண்டு குண்டாக எழுதியிருந்தார்: கலந்தாலோசிக்கப்பட்டது. நிபுணருக்கு ஆட்சேபனை இல்லை.

"நான் ஆட்சேபனை இல்லன்னு சொல்லலியே..." என்றாள், குரல் எழும்பாமல்.

"இருக்குன்னு நீங்க சொல்லலியேம்மா" என்றார் இராமதாஸ். முதன்முறையாக அவர் முழுசாக விழித்திருந்தார். "எங்க ஆபீஸ்ல, இருக்குன்னு சொல்லலன்னா இல்லன்னுதான் எழுதுவோம்."

மறுநாள் காலை அமைச்சர் அறை. சுமலதாவையும் கூட்டிப்போனார்கள். ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அரிகிருஷ்ணனே பேசினார். புது கிளார்க்கைப் பற்றிச் சொன்னார், பழைய ஃபைலைப் பற்றிச் சொன்னார், அப்பாவின் மாட்டைப் பற்றிச் சொன்னார். அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்ப மாட்ட வித்துடலாம்னு சொல்றியா?"

"வேணாங்கய்யா. மாடு இருக்கட்டும். கயிறு நம்ம கைல இருக்கணும். மெஷின் யாரத் தள்ளச் சொல்லுதோ, அந்த வீட்டுக்கு நம்ம ஆளு ஒருத்தரு நேர்ல போய் பாத்துட்டு வரணும். ஆளப் பாக்காம ஒருத்தர் பேரயும் அடிக்கக்கூடாது."

"அதத்தான் மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அமைச்சர்.

அரிகிருஷ்ணன் சுமலதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என் தப்புங்கய்யா" என்றார்.

அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பாடம் எடுத்த ஒருவர், அதை இவ்வளவு சுத்தமாகப் புரிந்துகொண்டு, இவ்வளவு சுத்தமாக இன்னொருவருக்குப் புரியவைத்ததை அன்றுதான் பார்த்தாள். பெருமையாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. கழிந்த பெயர்களை எல்லாம் திரும்பச் சேர்க்கவும், விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கவும் அங்கேயே உத்தரவாயிற்று.

வெளியே வராந்தாவில் அரிகிருஷ்ணன் நின்றார். "ரொம்ப நன்றிங்க டாக்டர். நீங்க சொல்லித் தந்தது பெரிய ஒதவி. இனிமே நாங்களே பாத்துக்கறோம்."

மேடம் போய் டாக்டர் வந்துவிட்டது. கைகூப்பினார், படியிறங்கிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுமலதா அந்த மஞ்சள் வீட்டின் பக்கவாட்டு கேட்டைத் தட்டினாள். இந்த முறை திறக்க நேரமாயிற்று. கொளஞ்சியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"நீயா? அன்னிக்கி வந்த பொண்ணுதான? வா." நாற்காலியைத் துடைக்காமலே போட்டாள்.

"பென்ஷன் வரலியாம்மா?" என்று கேட்டாள் சுமலதா. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கேள்வி.

"வரலம்மா. வரிசைல போய் நின்னேன். எல்லாரு பேரும் கூப்டறாங்க, எம் பேரு வரல. போய் கேட்டா, கம்ப்யூட்டரு ஒன்ன எடுத்துட்டுதுன்றான். பின்னால நின்னவளுங்க சிரிக்கறாளுங்க. சொல்தா வூட்டம்மாவுக்கு எதுக்குடி பென்ஷனு, பெட்டி பெட்டியா பிராங்கு துட்டு வருதேன்னு. சின்னப்பாப்பாவும் சிரிச்சாம்மா. அவளே சிரிச்சா." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அதோட நான் கேட்டுக்கு வெளியில போவல. எந்த மூஞ்சிய வச்சிகினு போறது? இத்தினி வருஷம் திருட்டுத்தனமா வாங்கினு இருந்தேன்னுதான நெனைப்பாங்க? மாத்திரையும் தீந்துபோச்சு. போவட்டும்."

"திரும்ப வரும்மா. விட்டுப்போனதும் சேத்து வரும். உத்தரவு போட்டாச்சு."

"நெசமா? நீயா போய் சொன்ன?" கொளஞ்சியம்மாவின் முகம் மலர்ந்தது. சட்டென்று சுமலதாவின் கையை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "நல்லாருப்பம்மா நீ. மகராசியா இருப்ப."

அந்தக் கையோடு எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கை சுட்டது. சுமலதாவால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. நான் சொல்லாததாலதான் போச்சு. அன்னிக்கி இங்க வந்துட்டுப் போனப்பவே எனக்குத் தெரியும், ஒங்க பேர தப்பா எடுக்கப் போவுதுன்னு. சொல்ல வேண்டியவர்கிட்ட அப்பவே சொல்லிருந்தா நின்னுருக்கும். நான் சொல்லாம வச்சிருந்தேன்."

கொளஞ்சியம்மா கையை விடவில்லை. புரியாமல் பார்த்தாள். "ஏம்மா?"

அமைச்சருக்கே புரிகிற மாதிரி மெஷினை விளக்கத் தெரிந்தவளுக்கு, இதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. வார்த்தையைத் தேடித் தேடி, கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அவரு வாரா வாரம் எங்கிட்ட பாடம் கேக்க வருவாரு. இத சொல்லிட்டா அவருக்கு வர வேல இருக்காது. எனக்குப் பேச ஆளே இல்லம்மா. அதான்."

கொளஞ்சியம்மா தன் கைக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். மெதுவாக எடுத்து, சுமலதாவின் மடியில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. பூனையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"எனக்குந்தாம்மா பேச ஆள் இல்ல. அதுக்காவ யார் சோத்துலயாவது நான் மண்ணள்ளிப் போட்டனா?"

கிழவி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். சுவரோரம் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பூட்டிய பெரிய வீட்டின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே போகுமுன் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"போவும்போது கேட்ட இழுத்துச் சாத்திட்டுப் போம்மா."